ரீமேக்கில் முகம் மாறினால் கதையும் மாற வேண்டாமா?

மங்கிய_திரை

போன வாரம் 'தி வொண்டர் இயர்ஸ்' தொடரின் முதல் எபிசோடை இரண்டு வடிவத்திலும் அடுத்தடுத்துப் பார்த்தேன். 1988-இல் வந்தது ஒன்று, 2021-இல் வந்தது இன்னொன்று. இரண்டு கதையும் நடப்பது 1968-இல்தான். இரண்டிலும் பன்னிரண்டு வயதுப் பையன். இரண்டிலும் வளர்ந்து ஆளான பிறகு அவனே திரும்பிப் பார்த்துச் சொல்கிற குரல். பழையதில் கெவின் ஆர்னால்டின் தெருவுக்கு வியட்நாமிலிருந்து சாவுச் செய்தி வருகிறது. அதே தெருத் தோழி வின்னியின் அண்ணன் போரில் இறந்துவிடுகிறான். புதியதில் ஊர் அலபாமாவின் மான்ட்கோமெரி. பையன் டீன் வில்லியம்ஸ், கருப்பினக் குடும்பம். பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்து சேர்கிறது.

ஒரே வருடம், ஒரே நாடு. ஆனால் சாவு எந்த வாசலில் வந்து நிற்கிறது என்பது வேறு. இதை யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு அந்தத் தொடர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

இதே கண்ணோடு மற்ற ரீமேக்குகளைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறது. துப்பறியும் தொடரான 'கோஜாக்' 2005-இல் கருப்பின நடிகர் விங் ரேம்ஸை வைத்து வந்தது. அதே வகைத் தொடரான 'அயர்ன்சைட்' 2013-இல் இன்னொரு கருப்பின நடிகர் பிளேர் அண்டர்வுட்டை வைத்து வந்து சில எபிசோட்களிலேயே நின்றுபோனது. இரண்டு பேருமே நல்ல நடிகர்கள். பழைய பெயரும் பழைய வேலையும் அவர்களிடம் வந்தன, அவர்களுக்கென்று எழுதப்பட்ட வாழ்க்கை வரவில்லை. என் கட்சி இதுதான்: சிறுபான்மை நடிகரைப் பழைய பாத்திரத்தில் போடுகிறவர்கள் கதையையும் திறந்து மறுபடி எழுத வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அந்த நடிகருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குத் தைத்த சட்டை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ராகவன்71

தம்பி, நான் உங்களுக்கு நேர் எதிர். எனக்குக் கதையைத் திறப்பதில்தான் வருத்தம்.

ஒரு பழைய தொடரை நாம் நேசிப்பது அதன் குறிப்பிட்ட மனிதர்களுக்காக. வக்கீல் ஒருவரின் கதையான 'பெர்ரி மேசன்' 1957-லிருந்து 1966 வரை வந்தது. மேசனாக ரேமண்ட் பர் நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும் விதம், வில்லியம் ஹாப்பர் அவருடைய துப்பறிவாளர் பால் டிரேக்காகக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வரும் விதம், எல்லாம் எனக்கு மனப்பாடம். அதே பெயரை வைத்துக்கொண்டு ஊர், இனம், வயது, சுபாவம் எல்லாவற்றையும் மாற்றினால் மிச்சம் இருப்பது பெயர் மட்டும்தானே? அதற்குப் புதுப் பெயர் வைத்துப் புதுக்கதையே எழுதலாமே. கருப்பின நடிகருக்கும் லத்தீனோ நடிகருக்கும் அவர்களுடைய சொந்தப் பாத்திரம் கிடைப்பதுதான் கௌரவம். இன்னொருவர் வாழ்ந்துவிட்டுப் போன வீட்டில் குடிவைப்பது கௌரவமில்லை.

இனவெறியில் இதைச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனதார நம்புவதைச் சொல்கிறேன்.

இளவேனில்

ராகவன் சார், நீங்கள் மனதாரச் சொல்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "இன்னொருவர் வாழ்ந்த வீடு" என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் நிற்கிறேன். அந்த வீட்டில் ஒரிஜினலாக யார் வாழ்ந்தார்கள்?

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1961 படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரியா புவெர்ட்டோ ரிக்கோ பெண். நடித்தவர் நாட்டலி வுட், ரஷ்யாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். அவர் பாடுவதாக நாம் கேட்கும் குரல் மார்னி நிக்சனுடையது. அண்ணன் பெர்னார்டோவாக நடித்த ஜார்ஜ் சக்கிரிஸ் கிரேக்க வம்சாவளி. முக்கியப் பாத்திரங்களில் உண்மையிலேயே புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர் ரீட்டா மொரேனோ ஒருவர். அவருக்கும் சேர்த்து எல்லோர் முகத்திலும் ஒரே கரும்பழுப்பு மேக்கப்பைப் பூசினார்கள். எங்கள் மக்கள் எல்லோரும் ஒரே நிறமா என்று தான் கேட்டதை மொரேனோ பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

2021-இல் ஸ்பீல்பெர்க் அதை மறுபடி எடுத்தபோது கதையில் வரும் புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர் கும்பலான ஷார்க்ஸ் பக்கத்துப் பாத்திரங்களுக்கெல்லாம் லத்தீனோ நடிகர்களையே தேடிப் போட்டார். ஸ்பானிஷ் வசனங்களுக்கு சப்டைட்டில் வைக்கவில்லை. அனிதா பாத்திரத்துக்காக மொரேனோ ஆஸ்கர் வாங்கி அறுபது வருடம் கழித்து அதே பாத்திரத்துக்காக அரியானா டிபோஸ் வாங்கினார். மொரேனோவே புதிய படத்தில் வலென்டினாவாக வந்தார், அவருக்காகவே எழுதப்பட்ட பாத்திரம் அது.

சார், இதை மாற்றம் என்று சொல்வீர்களா, திருத்தம் என்று சொல்வீர்களா? பாத்திரம் முதல் நாளிலிருந்தே அவர்களுடையது. குடி வைத்தவர்கள் ஆளை மாற்றி வைத்துவிட்டார்கள்.

ராகவன்71

அதை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. புவெர்ட்டோ ரிக்கோ பாத்திரத்துக்கு அந்த மண்ணின் நடிகர் வருவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. என் கேள்வி எதிர்ப்பக்கத்தைப் பற்றியது, வெள்ளையராக எழுதப்பட்டதை மாற்றுவது பற்றி.

இளவேனில்

அந்தப் பக்கத்துக்கும் வருகிறேன். அதற்கு முன் இன்னும் ஒன்றே ஒன்று. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

'தி லோன் ரேஞ்சர்' தொலைக்காட்சித் தொடர் 1949-இல் ஆரம்பித்தது. நாயகனின் பழங்குடித் தோழன் டோன்டோவாக நடித்தவர் ஜே சில்வர்ஹீல்ஸ், கனடாவின் சிக்ஸ் நேஷன்ஸ் பகுதியில் பிறந்த மோஹாக் இனத்தவர். அந்த வசனங்கள் உடைந்த ஆங்கிலத்தில், அவரைச் சிறுமைப்படுத்துகிற மாதிரி எழுதப்பட்டவை. இருந்தும் வாராவாரம் ஒரு பழங்குடி மனிதரின் முகம் திரையில் இருந்தது. 2013-இல் வந்த பெரிய பட்ஜெட் படத்தில் டோன்டோ யார்? வெள்ளை நட்சத்திரம் ஜானி டெப். 1949-இல் கிடைத்த வாய்ப்பு 64 வருடம் கழித்துப் பறிபோயிருக்கிறது.

ரீமேக் என்றாலே சிறுபான்மையினருக்குக் கூடுதல் இடம் என்று பேசுகிறோம். இருந்ததும் போய்விடுகிற ரீமேக்குகளை யாரும் பேசுவதில்லை.

கணக்கெடுப்பவன்

இளவேனில் கடைசியாகச் சொன்னதற்கு இன்னொரு சான்று கையில் இருக்கிறது.

'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற விண்வெளித் தொடர். 1978 ஒரிஜினலில் கர்னல் டை பாத்திரம் டெரி கார்ட்டர், பூமர் பாத்திரம் ஹெர்ப் ஜெஃபர்சன் ஜூனியர். இருவரும் கருப்பின நடிகர்கள். விண்கப்பலில் தலைவர் அதாமாவுக்கு அடுத்த அதிகாரி ஒரு கருப்பினத்தவர், அதுவும் 1978-இல். 2003-இல் மறுபடி எடுத்தபோது ஸ்டார்பக் என்ற ஆண் விமானி பெண்ணாக மாறியதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போட்டார்கள். அதாமாவாக மெக்சிக வம்சாவளி எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், பூமராக கொரிய வம்சாவளி கிரேஸ் பார்க். நல்ல மாற்றங்கள்தான், நானே கொண்டாடினேன். டை பாத்திரம் மைக்கேல் ஹோகன் என்ற வெள்ளை நடிகரிடம் போனது. அபாரமாக நடித்தார், மறுக்கவே முடியாது. ஆனால் ஒரிஜினலில் கருப்பின நடிகர்கள் செய்த இரண்டு முக்கிய வேடமும் புதியதில் கருப்பின நடிகர் கைக்கு வரவில்லை. டுவாலா என்று புதிதாக ஒரு பாத்திரம் வந்தது, கான்டீஸ் மெக்ளூர் செய்தார். கர்னலின் அதிகாரத்தோடு ஒப்பிட்டால் அது சின்ன நாற்காலி.

இது எனக்கு உறைக்கவே பல வருடம் ஆனது. யார் வந்தார்கள் என்று மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். எழுந்து போனது யார் என்று பார்ப்பதில்லை.

தேன்சிட்டு

நான் இதை ஒரு தாயாக எழுதுகிறேன், சினிமா அறிவு எல்லாம் கிடையாது.

'தி லிட்டில் மெர்மெய்ட்' 2023 படத்தை ஆறு வயது மகளோடு பார்த்தேன். கருப்பின நடிகை ஹேலி பெய்லிதான் கடல்கன்னி ஏரியல் என்று 2019-இல் அறிவித்த நாளிலிருந்து எவ்வளவு வசை, எவ்வளவு ஏளனம்! ட்ரெய்லர் வந்தபோது கருப்பினச் சிறுமிகள் திரையைப் பார்த்து "என்னை மாதிரியே இருக்கிறாள்" என்று வாயைப் பிளக்கும் வீடியோக்களையும் அதே நாட்களில் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

மங்கிய_திரை சொல்வதுபோல் இங்கே கதையை மறுபடி எழுதியே ஆக வேண்டுமா? கடலுக்கடியில் எந்த நாட்டுச் சட்டம், எந்த நாட்டு வரலாறு? என் மகள் கேட்ட ஒரே கேள்வி, "குரலைக் கொடுத்துவிட்டால் திரும்ப எப்படி வாங்குவாள்?" என்பதுதான். கதை அவளிடம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

மங்கிய_திரை

தேன்சிட்டு அம்மா, நீங்கள் சொன்ன பிறகு என் வாதத்தில் ஓட்டை தெரிகிறது. தேவதைக் கதைக்கு என் விதி பொருந்தாது.

1997-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த 'சின்ட்ரெல்லா' ஞாபகம் வருகிறது. 1957-இல் ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த அதே இசைநாடகம். இதில் பிராண்டி சின்ட்ரெல்லா, விட்னி ஹூஸ்டன் தேவதைத் தாய். ராணி வூப்பி கோல்ட்பெர்க், ராஜா விக்டர் கார்பர், அவர்களுக்குப் பிறந்த இளவரசன் பிலிப்பைன்ஸ் வம்சாவளி பாவ்லோ மொன்டல்பான். மூன்று பேரும் மூன்று இனம். அது எப்படி என்று படத்தில் ஒருவர்கூடக் கேட்பதில்லை, விளக்கமும் இல்லை. அமெரிக்காவில் சுமார் 6 கோடிப் பேர் அன்றிரவு பார்த்தார்கள். அந்த உலகத்தில் நிறம் என்பது ஆடையின் நிறம்போலத்தான், அதற்கு மேல் பாரம் எதுவும் அதன்மேல் ஏற்றப்படவில்லை.

என் விதியைத் திருத்திக்கொள்கிறேன். கதை வரலாற்றுக்குள் நடக்கிறது என்றால் மறுபடி எழுத வேண்டும்.

வெண்கல_மணி

நான் மேடை நாடகப் பக்கம் இருப்பவள். இந்தப் பேச்சு திரைக்கு வருவதற்கு முன்பே மேடையில் நடந்துவிட்டது. நடந்த விதம் இங்கே பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

1996 ஜூனில் பிரின்ஸ்டனில் நாடகக்காரர்கள் மாநாடு ஒன்றில் ஆகஸ்ட் வில்சன் பேசினார். அமெரிக்கக் கருப்பின நாடகாசிரியர்களில் மிகப் பெரியவர், அப்போதே இரண்டு புலிட்சர் வாங்கியிருந்தார். "நிறம் பார்க்காத நடிகர் தேர்வு" என்ற கொள்கையை அவர் முழுக்க எதிர்த்தார். வெள்ளையர்களுக்காக எழுதிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தைக் கருப்பின நடிகர்களை மட்டும் வைத்துப் போடுவது எங்கள் மனிதத்தன்மையையும் எங்கள் வரலாற்றையும் மறுப்பது என்பது அவர் வாதம். எங்கள் வாழ்க்கையைச் சொல்ல எங்களுக்கு எங்கள் நாடக அரங்குகள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்றார். அமெரிக்காவின் பெரிய பிராந்திய அரங்குகள் 66-இல் ஒன்றே ஒன்றுதான் கருப்பின அரங்கு என்று எண்ணிக்காட்டினார். ராபர்ட் புருஸ்டீன் என்ற விமர்சகர் கடுமையாக மறுத்து எழுத, 1997 ஜனவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள்.

ராகவன் சார் கேட்ட "அவர்களுக்கென்று சொந்தக் கதை எழுதலாமே" என்பதை வில்சனே கேட்டார். ஒரு வித்தியாசம். வில்சன் அதைக் கேட்டபோது பணத்தையும் கட்டடத்தையும் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்டார். ரீமேக்கை எதிர்க்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பாதியைக் கேட்கிறோம்?

நடிகையாக என் வயிறு வேறு பேசுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சொந்தக் கதை எழுதப்படும்வரை ஒரு நடிகை பத்து வருடம் காத்திருக்க முடியாது. இருபத்தைந்து வயதில் செய்ய வேண்டிய வேடத்தை முப்பத்தைந்தில் செய்ய முடியாது. பழைய நாடகங்களின் பெரிய வேடங்கள்தான் நடிகர்களை வளர்க்கின்றன. அந்தப் பயிற்சி ஒரு கூட்டத்துக்கு மட்டும் கிடைத்தால் அடுத்த தலைமுறையிலும் அவர்கள்தான் "அனுபவசாலிகள்" என்று தேர்வாவார்கள்.

ராகவன்71

வெண்கல_மணி, இது எனக்குத் தெரியாது. வில்சனின் உரையைத் தேடிப் படிக்கிறேன். பணத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது நியாயம். நான் அதைக் கேட்டதில்லை.

சரவிளக்கு

1990-களில் எட்டி மர்பி 'தி நட்டி புரொஃபசர்', 'டாக்டர் டூலிட்டில்' இரண்டையும் செய்தார். இரண்டும் வெள்ளை நடிகர்கள் முன்பு செய்தவை. 2004-இல் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' ரீமேக்கில் ஃபிராங்க் சினாட்ரா செய்த மார்கோ பாத்திரத்தை டென்சல் வாஷிங்டன் செய்தார். அந்தப் படங்களை நான் அப்போதே பார்த்தவன், இன்றைக்கு எழும் சத்தத்தில் நூறில் ஒரு பங்கு கூட அன்று என் காதில் விழவில்லை. நடிகர்கள் மாறவில்லை, நாம்தான் மாறியிருக்கிறோம்.

கணக்கெடுப்பவன்

சரவிளக்கு, எட்டி மர்பியும் டென்சலும் தங்கள் பெயரால் டிக்கெட் விற்கக்கூடியவர்கள். அவர்களுக்குக் கேள்வி எழவில்லை. பெயர் தெரியாத புதுமுகத்துக்குத்தான் "நீ ஏன் இங்கே?" என்ற கேள்வி எழுகிறது. ஹேலி பெய்லிக்கு எழுந்தது.

பணம் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. 'ஹவாய் ஃபைவ்-ஓ' 1968 ஒரிஜினலில் சின் ஹோ கெல்லியாக நடித்தவர் காம் ஃபோங், ஹொனலுலு காவல்துறையில் உண்மையிலேயே வேலை பார்த்தவர். 2010 ரீமேக்கில் அந்தப் பாத்திரத்துக்கு டேனியல் டே கிம், கோனோ பாத்திரத்துக்கு கிரேஸ் பார்க். சுவரொட்டியில் நான்கு பேரும் சமமாக நின்றார்கள். 2017-இல் ஏழு சீசன் முடிந்த பிறகு, இரண்டு வெள்ளை நாயகர்களுக்கு நிகரான சம்பளம் கேட்டு உடன்பாடு வராமல் கிம்மும் பார்க்கும் வெளியேறினார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நல்ல உயர்வு கொடுக்க முன்வந்தோம் என்றது சேனல். ஹவாய் மக்கள்தொகையில் ஆசிய வம்சாவளியினர்தான் மிகப் பெரிய பிரிவு. அந்தத் தீவின் பெயரிலேயே ஓடும் தொடரில் முதல் நாளிலிருந்து இருந்த ஆசிய முகங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் போயின.

தேர்வு நடந்த நாளோடு நம் கைதட்டல் முடிந்துவிடுகிறது. அவர்கள் எத்தனை சீசன் இருந்தார்கள், என்ன சம்பளத்தில் இருந்தார்கள் என்று யாரும் பின்தொடர்வதில்லை.

மங்கிய_திரை

வரலாற்றுக்குள் நடக்கும் கதை என்றேன் அல்லவா, அதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 'இன்டர்வியூ வித் த வாம்பயர்'. 1994 படத்தில் பிராட் பிட் செய்த லூயி 1791-இல் லூசியானாவில் தோட்ட முதலாளி. அடிமைகளை வைத்திருந்தவன். படம் அவன் துக்கத்தைப் பற்றியே பேசும், அவன் உடைமையாக வைத்திருந்த மனிதர்களைப் பற்றி அதிகம் பேசாது. 2022 தொடரில் ஜேக்கப் ஆண்டர்சன் லூயி. கருப்பினத்தவர் ஒருவரை அப்படியே 1791-இன் முதலாளி நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் எவ்வளவு அபத்தமாகப் போயிருக்கும்! கதையை 1910-க்கு நகர்த்தினார்கள். நியூ ஆர்லியன்ஸின் ஸ்டோரிவில் பகுதியில் விபச்சார விடுதி நடத்தும் பணக்காரக் கருப்பினத்தவன், வெள்ளையரோடு சீட்டாடலாம், ஆனால் அவர்களுக்குச் சமமாக ஆகவே முடியாது. சாகாவரம் தருகிறேன் என்று ரத்தக்காட்டேரி லெஸ்டாட் வந்து நிற்கும்போது அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று நமக்குப் புரிகிறது. பழைய லூயி ஏன் சம்மதித்தான் என்பதைவிட இந்த லூயி ஏன் சம்மதித்தான் என்பது எனக்கு ஆழமாகப் பட்டது.

ராகவன் சார், உங்கள் 'பெர்ரி மேசன்' பற்றி. 2020-இல் வந்த புதிய வடிவத்தைப் பார்த்தீர்களா? பால் டிரேக்காக கிறிஸ் சாக். 1930-களின் லாஸ் ஏஞ்சலஸில் சீருடை போட்ட கருப்பினக் காவலர். கொலை நடந்த இடத்தில் தான் பார்த்ததை நேர்மையாக எழுதுகிறார், மேலதிகாரிகள் அறிக்கையை மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் கர்ப்பிணி மனைவி. பழைய டிரேக் மேசனுக்குத் துப்பு கொண்டுவந்து கொடுத்தபோது இழப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்த டிரேக் உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், உயிரும் போகலாம். அதே பெயர், அதே துப்பறியும் வேலை, ஆனால் ஒவ்வொரு துப்புக்கும் விலை கூடியிருக்கிறது.

ராகவன்71

பார்க்கவில்லை. டிரேக்கை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் தவிர்த்துவிட்டேன். பார்த்துவிட்டு வருகிறேன். உடனே எழுத மாட்டேன், எட்டு எபிசோடும் பார்க்க வேண்டும்.

அன்புடன்_அருள்

சிறுபான்மை என்றால் இனம் மட்டும்தானா என்று இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே காத்திருந்தேன்.

நான் பதினெட்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன். முதல் பதிவில் 'அயர்ன்சைட்' பெயர் வந்தது. அதன் நாயகன் சக்கர நாற்காலியில் இருக்கும் துப்பறிவாளர். 1967 ஒரிஜினலில் ரேமண்ட் பர் நடக்கக்கூடியவர், நாற்காலியில் உட்கார்ந்து நடித்தார். 2013 ரீமேக்கில் கருப்பின நாயகன் வந்தபோது முன்னேற்றம் என்றார்கள். உண்மைதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர் மறுபடியும் நடக்கக்கூடியவர்தான். ஃபிளாஷ்பேக்கில் அவர் ஓடுவார், சண்டை போடுவார், அதற்காகவே அப்படி ஓர் ஆள் தேவை என்று அப்போது காரணம் சொன்னார்கள். 46 வருட இடைவெளியில் ஒரு கதவு திறந்தது, என் கதவு அப்படியே மூடிக் கிடந்தது.

இன்னொன்று என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது. 'ஸ்னோ ஒயிட்' ரீமேக் அறிவிப்பு வந்த பிறகு, 2022 ஜனவரியில், உயரம் குறைந்த நடிகரான பீட்டர் டிங்க்லேஜ் கேட்டார்: லத்தீனா நடிகையை நாயகி ஆக்கியதில் பெருமைப்படுகிறீர்கள், குகையில் வாழும் ஏழு குள்ளர்கள் என்ற பிற்போக்குக் கதையை மட்டும் அப்படியே சொல்கிறீர்களே என்று. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விளைவு என்ன? 2025-இல் வந்த படத்தில் அந்த ஏழு பேரும் கணினியில் வரைந்த உருவங்கள். உயரம் குறைந்த நடிகர்கள் பலர் வெளிப்படையாகவே வருந்தினார்கள், பெரிய படத்தில் ஏழு வேடம் எங்களுக்கு இனி எப்போது வரும் என்று. இழிவைப் போக்கப் போய் ஆளையே போக்கிவிட்டார்கள்.

மங்கிய_திரை, நீங்கள் சொல்லும் "மறுபடி எழுதுவது" இங்கே நடந்திருக்க வேண்டும். ஏழு பேருக்கும் ஏழு மனித வாழ்க்கையை எழுதியிருக்கலாம், அதற்கு ஏழு நடிகர்கள் தயாராக இருந்தார்கள்.

இளவேனில்

அருள் அண்ணா, இதைப் படித்துவிட்டு சிறிது நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நான் மேலே எழுதிய எல்லாவற்றிலும் "சிறுபான்மை" என்ற சொல்லுக்குள் உங்களை வைத்துப் பார்க்கவே இல்லை. மன்னியுங்கள்.

அன்புடன்_அருள்

மன்னிப்பெல்லாம் வேண்டாம் தங்கச்சி. அடுத்த தடவை பட்டியல் போடும்போது ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

தேன்சிட்டு

'ஒன் டே அட் எ டைம்' பற்றி யாரும் சொல்லவில்லையே? 1975 தொடரில் விவாகரத்தான தாய், இரண்டு மகள்கள், இன்டியானாபோலிஸ். 2017 வடிவத்தில் கியூப-அமெரிக்கக் குடும்பம், தாய் பெனலோப்பி ராணுவ நர்சாக ஆப்கானிஸ்தான் போய் வந்தவர், பாட்டி ரீட்டா மொரேனோ. இரண்டு வடிவத்திலும் தயாரிப்பாளர் நார்மன் லியரின் கை இருந்தது. பழைய தாய்க்கு இருந்த பிரச்சினை அத்தனையும் இவருக்கும் உண்டு, தனியாகப் பிள்ளை வளர்ப்பது, பணம், தனிமை. அதற்கு மேல் மொழி, குடியேற்றம், போரிலிருந்து கொண்டுவந்த மன உளைச்சல். நெட்ஃபிளிக்ஸ் மூன்று சீசனில் நிறுத்தியது. ரசிகர்கள் விடாமல் கேட்டு, 2020-இல் வேறொரு சேனலில் நான்காவது சீசன் வந்தது. ஒரு தடவையாவது பாருங்கள்.

சரவிளக்கு

இப்போது சுடச்சுட ஓடும் ஒன்றைக் கேட்கிறேன். ஹாரி பாட்டர் தொடரில் ஆசிரியர் ஸ்னேப்பாகக் கருப்பின நடிகர் பாப்பா எசியெடு என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். அவர் நடிப்பை மேடைப் பதிவுகளில் பார்த்திருக்கிறேன், திறமையில் சந்தேகமே இல்லை. என் கவலை வேறு. கதைப்படி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஸ்னேப்பை ஹாரியின் அப்பா ஜேம்ஸும் நண்பர்களும் எல்லோர் முன்னாலும் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்துகிறார்கள். ஒரு கருப்பினப் பையனை அந்தரத்தில் தொங்கவிடுவதைத் திரையில் பார்க்கும்போது மனதில் எழும் படிமம் வேறு, அமெரிக்காவில் கருப்பினத்தவரைக் கும்பல் கூடித் தூக்கிலிட்ட படிமம். எழுதியவர் நினைக்காத அர்த்தம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எப்படிக் கையாளுவார்கள்?

வெண்கல_மணி

இது எதிர்ப்பாளர்கள் வழக்கமாகக் கேட்பது இல்லை, பொறுப்பான கேள்வி. எனக்கு அந்தக் காட்சியை நீக்குவதில் சம்மதம் இல்லை. அந்த அர்த்தம் வருகிறது என்று தெரிந்தே எழுதினால் ஹாரிக்குத் தன் அப்பாவைப் பற்றி வரும் அதிர்ச்சி இன்னும் கனமாகும். ஜேம்ஸை மன்னிப்பது பார்வையாளருக்குக் கஷ்டமாகும். கஷ்டமாகட்டும். கண்டுகொள்ளாமல் பழைய ஸ்கிரிப்டை அப்படியே எடுத்தால்தான் ஆபத்து.

இன்னொன்று, "நூலில் இருப்பதுபோல் எடுங்கள்" என்று எப்போதும் கேட்கிறவர்களுக்கு. 'வதரிங் ஹைட்ஸ்' 1847 நாவலில் நாயகன் ஹீத்கிளிஃப் லிவர்பூல் தெருவிலிருந்து தூக்கி வரப்பட்ட, கரிய தோல் கொண்ட அனாதைப் பையன். நாவலே அவனை ஜிப்சி என்கிறது. படத்தில் 1939-இல் லாரன்ஸ் ஒலிவியே, 1992-இல் ரேஃப் ஃபைன்ஸ், இருவரும் வெள்ளையர். 2011-இல் ஆண்ட்ரியா ஆர்னால்டு ஜேம்ஸ் ஹவ்சனைப் போட்டபோதுதான் பெரிய திரையில் முதன்முதலாகக் கருப்பின ஹீத்கிளிஃப் வந்தார். எழுத்துக்கு அதிக விசுவாசமாக இருந்தது அந்தத் தேர்வுதான், ஆனால் அதைத்தான் "துணிச்சலான மாற்றம்" என்று எழுதினார்கள்.

கணக்கெடுப்பவன்

'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரின் வில்லன் கான் பாத்திரமும் அப்படித்தான். 1967-இல் கான் நூனியன் சிங் என்ற பெயரில் வந்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொன்டல்பான். பெயர் சீக்கியப் பெயர், நடிகர் மெக்சிகர். அதுவே அரைகுறைப் பொருத்தம். 2013 படத்தில் வெள்ளை நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச். சிங் என்ற பெயருக்கு ஒரு சீக்கிய நடிகர் கிடைத்திருக்கமாட்டாரா?

ராகவன்71

பதினோரு நாள் ஆகிவிட்டது. எட்டு எபிசோடும் பார்த்தேன், இரண்டாவது சீசனையும் முடித்துவிட்டேன்.

மேசனை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அழுக்குச் சட்டையும் குடியுமாக அந்த மனிதரை மேசன் என்று கூப்பிட நாக்கு வரவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

டிரேக்கைப் பற்றி வேறு மாதிரி. மேலதிகாரிகள் அறிக்கையைத் திருத்தச் சொல்லிவிட்டுப் போன பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். நான் முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். கோப்பில் ஒரு வரியை மாற்றச் சொல்லி மேலே இருந்தவர் கேட்ட ஒரு நாள் என் வாழ்க்கையிலும் உண்டு. நான் மாற்றினேன். எனக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது. வில்லியம் ஹாப்பரின் டிரேக்கை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும், அவரைப் பார்த்து ஒரு நாளும் இது ஞாபகம் வந்ததில்லை.

வில்சனின் உரையையும் படித்தேன். வெண்கல_மணி, அவருடைய நாடகங்களில் முதலில் எதைப் படிக்கலாம் என்று சொல்லுங்கள்.

வெண்கல_மணி

'ஃபென்சஸ்' படியுங்கள் சார். 1950-களின் பிட்ஸ்பர்க், குப்பை வண்டித் தொழிலாளி டிராய் மேக்ஸன். கருப்பினத்தவர் குப்பை மட்டும் தூக்க வேண்டும், வண்டியை ஓட்டக்கூடாதா என்று மேலதிகாரியிடம் போய்க் கேட்கிற ஆள். படித்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.